பத்து டாலர் என்று திரையில் தெரிந்தது

இத்தனை நாள் வாய் மூடி இருந்தது போதும்.

சனிக்கிழமைக் கூட்டத்தில் தலைவர் மட்டுமே பேசுவார், மற்றவர்கள் கை தூக்கினால் போதும் என்று அறிவித்துவிட்டார்கள். ஆகவே மேடையில் நிற்பதாக எண்ணிக்கொண்டு எழுதுகிறேன்.

மாண்டவில் முதலீட்டுச் சங்கத்தின் தலைவர், நாற்காலியை விட்டு எழ மனமில்லாத ஹோரஸ் பின்னக் அவர்களே! வகுப்பறைகளில் தொண்டை வற்றிய ஆசிரியப் பெரியோர்களே! ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியைச் சனிக்கிழமையே அணிந்து முன்வரிசைக்கு அழகு சேர்க்கும் தாய்மார்களே! புயல் தின்ற மண்டபக் கூரைக்குப் பதிலாக மேடைக்கு மேல் படபடக்கும் நீலத் தார்ப்பாயே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

அந்தக் கூரைக்காகத்தான் நம் சங்கத்திடம் இருந்த பிஸ்கட் கம்பெனிப் பங்குகளை விற்றோம். வந்த பணத்தில் போட்ட கூரை மேடைவரை எட்டவில்லை. ஏன் எட்டவில்லை? தரகு அலுவலகத்து நோவலெட் கேலின் தவறாம்! அவளை வேலையிலிருந்து நீக்கச் சொல்லிக் கடிதம் அனுப்பவே உங்கள் கைகளைக் கேட்கிறார்கள். தூக்குமுன் கேளுங்கள்.

நம் சந்தையில் கிழங்கு விற்கும் மிஸ் இசில்டாவை அறியாதவர் உண்டா? "இந்த விலைக்குக் கொறஞ்சா குடுக்க மாட்டேன், வீட்டுக்குக் கொண்டுபோய் நானே அவிச்சுத் தின்னுக்கறேன்!" என்பாள். பங்குச் சந்தையில் அதுதான் லிமிட் ஆர்டர். விற்காமல் போகலாம், ஆனால் அடிமாட்டு விலைக்குப் போகாது. கடைசிப் பஸ் கிளம்பும்போது, "யாரு எவ்வளவு குடுத்தாலும் அள்ளிக்கங்க" என்றால் அது மார்க்கெட் ஆர்டர். உடனே விற்கும், விலைக்கு உத்தரவாதம் இல்லை. ஸ்டாப் ஆர்டர் என்று இன்னொன்றும் உண்டு. குறித்த விலைக்குச் சரியும்வரை உறங்கும். விழித்ததும் அதுவும் கிடைத்த விலைக்கே ஓடும்.

பின்வரிசையில் யாரோ சிரிக்கிறீர்கள். 'இதெல்லாம் தலைவருக்குத் தெரியாதா?' தெரியும் ஐயா, நன்றாகத் தெரியும்! நியூயார்க்கில் தெரியும். அங்கே வாங்குவோர் கடலலை போல வருவார்கள். இங்கே ஒரு பங்கை வாங்க நாலு பேர் நின்றால் அன்று திருவிழா.

பங்குகளை விற்ற அன்று சங்க அலுவலக அறையில் தலைவரைத் தவிர ஐந்து பேர் இருந்தோம். தலைவரின் கைபேசியில் நோவலெட்டின் குரல் சத்தமாகவே கேட்டது.

"பின்னக் சார், லிமிட் என்ன போடட்டும்? வாங்குற ஆளு கம்மியா இருக்காங்க."

"அம்மா, நான் நியூயார்க்குல வித்து வாங்கின ஆளு. மார்க்கெட் ஆர்டர் போடு, கண்ணு மூடித் தொறக்குறதுக்குள்ள முடியணும்."

"முடிஞ்சுரும் சார். எந்த வெலையில முடியும்னுதான் கேக்கறேன்."

"திரையில பத்து டாலர்னு தெரியுதே, உனக்குக் கண்ணு தெரியலயா?"

"அது முன்னாடி நிக்கிற ஒருத்தர் சொன்ன வெலை சார். அவருக்கு வேண்டியது கொஞ்சம்தான்."

"எனக்கே பாடம் எடுக்கறியா? போடுன்னா போடு!"

"சரி சார். நீங்க சொன்னபடி மார்க்கெட் ஆர்டர். போட்டாச்சு."

முதல் ஆள் பத்துக்குக் கொஞ்சம் வாங்கினார். அடுத்தவர் ஒன்பதுக்கு. பெரும்பகுதி எட்டுக்கும் கீழே போனது. தவறு யாருடையது? கேட்டவளுடையதா? கேட்கக்கூடாது என்று அதட்டியவருடையதா? அருகில் அமர்ந்து சூடான இறைச்சி பஃப்ஸை மென்றுகொண்டிருந்த ஐந்து வாய்களுடையதா?

தலைவரே, "அவசரப்பட்டுவிட்டேன்" என்று ஒரே வரி சொல்லுங்கள். தார்ப்பாயின் கீழ் இன்னொரு மழைக்காலம் உட்காருவோம். ஒரு பெண்ணின் சோற்றைப் பறித்து வேய்ந்த கூரையின் கீழ் ஒரு நாளும் உட்காரமாட்டோம்.

பொறுமையாகப் படித்த கண்களுக்கு நன்றி. சனிக்கிழமை உயராமல் மடியிலேயே இருக்கப்போகும் கைகளுக்கு வணக்கம்.

கீழே பெயரெழுதப் பேனாவைக் கொண்டுபோனேன். நிறுத்திவிட்டேன். பெயரைக் கண்டால், "தலைவர் தேர்தல்ல தோத்த வயித்தெரிச்சல்" என்பீர்கள். நோவலெட்டை மறந்துவிட்டு என்னைப் பேசத் தொடங்குவீர்கள். அந்த அறையில் இருந்தவர்களிலேயே அவரிடம் தோற்றவர்கள் மூன்று பேர். யாரென்று வைத்துக்கொண்டாலும் சரி. வயிற்றெரிச்சல் உண்மைதான். அந்தக் கைபேசியில் கேட்டதும் உண்மைதான். இரண்டாவதை மட்டும் நீங்கள் படிக்கவேண்டும் என்பதற்காக, இதைப் பெயரில்லாமல் மண்டபக் கதவில் ஒட்டுகிறேன்.