உதவி ஏன் குடுக்கினம் எண்டால்

எழுதுங்கோ மிஸ், நல்லா எழுதுங்கோ. உங்கட எம்பசிக்காரர் தந்த உதவியால இந்தச் சுரேகாவின்ர குடும்பத்துக்கு என்ன நன்மை எண்டுதானே கேட்டனீங்கள்? ஆடு வந்தது. இல்லை, அது வேற நாடு, உங்கட இல்லை. குளிர்நாட்டுச் சாதி ஆடு. எங்கட கிளிநொச்சி வெயிலுக்கு மூண்டாம் கிழமையே மண்டையைப் போட்டுது. ஆனா அவையின்ர அறிக்கையில அது இன்னும் குட்டி போட்டுக்கொண்டு நிக்குதாம்.

உங்கட ஆக்கள் தந்தது கோழிக்கூடு. கூட்டைவிட அதில உங்கட பேர் போட்ட போர்டு பெரிசு. மழைக்கு அதைத்தான் கழட்டிக் கூரையில போட்டம். கோழியெல்லாம் இப்ப உங்கட கொடிக்குக் கீழதான் படுக்குது.

என்ர மனிசன் தயாபரன் மிதிவெடியில கால் போன ஆள். வெடி எந்த நாட்டுச் சாமானோ ஆருக்கும் தெரியாது. பொய்க்கால் தந்த நாட்டின்ர பேர் மட்டும் முழங்காலிலயே அடிச்சுக் கிடக்கு.

ஏன் குடுக்கினமோ? அதையும் என்னட்டயே கேக்கிறியள்! மகள் ஏ லெவலுக்கு அரசியல் படிக்கிறாள். ரெண்டாம் உலக யுத்தம் முடிஞ்சாப்பிறகு பெரிய நாடுகள் தங்கட பக்கம் ஆள் சேர்க்கத்தான் இதைப் பெரிசாத் தொடங்கினவையாம். மிஞ்சின கோதுமை மாவையும் எங்களிட்டத் தள்ளினவை. அந்த மா ரொட்டி திண்டு வளந்தவர் எங்கட அப்பா. அவர் ஒருத்தற்ற பக்கமும் சேரேல்லை. இப்ப எண்டால் அவைக்குத் துறைமுகம் வேணும், இல்லாட்டி நாங்கள் அகதியா வள்ளமேறி அங்க வரக்கூடாது.

ஓம் மிஸ், நல்ல மனசும் இருக்கும். இல்லையெண்டு சொல்லுவனே? பதின்மூண்டு வருசம் வெளிநாட்டுக் காசிலதான் கண்ணிவெடி எடுத்தனான். முழங்காலில நிண்டு, ஒரு நாளைக்கு ரெண்டு பாய் விரிக்கிற அளவு நிலம். மகள் அந்தச் சம்பளத்திலதான் படிச்சாள்.

பிறகு அங்க ஆரோ ஒரு கையெழுத்து வைக்க, இஞ்ச ஒரு திங்கட்கிழமை, காசு நிண்டுபோச்சு, வீட்ட போங்கோ எண்டிட்டினம். இதுக்கு அங்கால வெடி கிடக்கு எண்டு நட்ட சிவப்புக் கட்டையை நட்டபடி விட்டிட்டு வந்தம். எங்கட வளவின்ர பின்பக்கமும் அந்தக் கட்டைக்கு அங்காலதான்.

ஐயோ, அங்க போகாதேங்கோ! படத்தை இதில நிண்டே எடுங்கோ.

சரி, பேனையை வையுங்கோ, சொல்லுறன். எங்களை நிப்பாட்டின கந்தோரில சாமானெல்லாம் எண்ணேக்க வெடி தேடுற மெசின் ஒண்டைக் காணேல்லை எண்டு தேடினவை. அது என்ர அலுமாரியில, கூறைச்சீலைக்குக் கீழ கிடக்கு. மனிசன் இரணைமடுக் குளத்துக்கு மீன் எடுக்கப் போவார், மகள் பள்ளிக்கூடம் போவாள். அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் பின்வளவுக்குள்ள இறங்கிறனான். தொப்பியில்லை, கவசமில்லை. இதுவரைக்கும் பதினொண்டு எடுத்திட்டன். பயப்படாதேங்கோ, எடுத்ததுகளை நீங்கள் இருக்கிற பக்கம் வைக்கேல்லை.

மாரி மழை தொடங்கினால் வெள்ளம் மிச்சத்தை எங்க கொண்டுபோய் விடுமோ தெரியாது. இனிக் கிணத்தடி மட்டும்தான் எடுக்கக் கிடக்கு. இன்னும் ஒரு கிழமை கிடைச்சாக் காணும் மிஸ். அதுவரைக்கும் மனிசனிட்ட மட்டும் வாயைத் திறக்காதேங்கோ.