புல்லுக்கு ஒன்றும் ஆகாத மருந்து

பருப்புக்கீரைக்குப் புளி அதிகம் வேண்டாம், அதற்கே ஒரு புளிப்பு உண்டு. இதை எனக்குச் சொன்னவள் பாஞ்சாலி. நீங்கள் யாரைப் பற்றி விசாரிக்கிறீர்களோ அந்த வசந்தியின் தாய், இன்ஸ்பெக்டர் ஐயா.

அரக்கோணம் சாலை விருந்தினர் மாளிகையின் புல்தரையில் அவள் களை பறித்தாள். அங்கேதான் நான் வாரம் ஒரு பகுதியாக மருந்தைச் சோதித்தேன். நான் ஏஜென்ட்டாக இருக்கிற இங்கிலாந்துக் கம்பெனியின் மருந்து. அகன்ற இலைக் களைகளை மட்டும் கொல்லும். புல்லுக்கு ஒன்றும் ஆகாது. மொழிபெயர்ப்பு நாவல்களில் மாலை நேரத்தில் உட்கார்ந்து தேநீர் குடிப்பார்களே, அப்படி ஒரு புல்வெளியைத் திருத்தணி வெயிலில் பார்த்துவிட ஆசைப்பட்டேன். அது குற்றமில்லை என்றே நினைக்கிறேன்.

புதுச் சட்டப்படி, டெல்லியில் பதிவாகாமல் வியாபாரத்துக்கு ஒரு டின்கூட இறக்குமதி செய்ய முடியாது. மூன்று ஆண்டுகளில் என் மனு நான்கு முறை திரும்பி வந்தது. கடைசி முறை, மனிதர்களுக்கு என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டு விவரம் போதாது, இந்த நாட்டு விவரம் வேண்டும் என்றார்கள். கம்பெனிக்கு எழுதினேன். அதை நீங்கள்தான் தர வேண்டும், டிசம்பருக்குள் பதிவாகாவிட்டால் ஏஜென்சி பம்பாய்க்காரர் ஒருவருக்குப் போய்விடும் என்று பதில் வந்தது. இரண்டு கடிதங்களும் நியாயமானவை. நடுவில் இருப்பவன் என்ன செய்வது என்று மட்டும் யாரும் எழுதவில்லை.

அந்த வாரம்தான் பாஞ்சாலியின் மடியைக் கவனித்தேன். பிடுங்கிய களையில் பாதியை மடியில் கட்டியிருந்தாள். எல்லாம் கீரை. மருந்து பட்ட கீரை உடனே சாகாது. இரண்டு மூன்று நாள் தண்டு முறுக்கிக்கொண்டு வேகமாக வளரும்.

"இன்னா சாரு, நீ சீமைப் புல்லுக்கு மருந்து அடிக்கிற, கீரையில்ல கொழுத்துகினு போவுது" என்று சிரித்தாள்.

"வீட்டுல யாரெல்லாம் சாப்பிடறீங்க?"

"நானும் வசந்தியும்தான். அஞ்சு மாசம் அதுக்கு. கீரைன்னா உசுரு."

சொல்லிவிடத்தான் நினைத்தேன். வாய்வரை வந்தது. பிறகு நோட்டை எடுத்துத் தேதி போட்டேன்.

ஆறு வாரக் கணக்கு போதும் என்று தீர்மானித்தேன். இரண்டாம் வாரம் பாஞ்சாலிக்கு வயிற்றுப்போக்கு. எழுதினேன். நான்காம் வாரம் வசந்திக்குக் கால் வீக்கம். எழுதி, கர்ப்பத்தாலும் இருக்கலாம் என்று பக்கத்தில் குறித்தேன். ஒருபக்கமாக எழுதுவது எனக்குப் பிடிக்காது.

ஆறாவது வாரம் பாஞ்சாலி வெறும் மடியோடு கிளம்பினாள்.

"கீரை வேணா சாரு. நேத்துலருந்து வாந்தி எடுத்துகினே கீது பொண்ணு."

ஒரு வாரம் குறைந்தால் முந்தைய ஐந்தும் வீண். மறுபடி முதலிலிருந்து தொடங்க எனக்கு டிசம்பர் இல்லை.

"வாந்திக்குக் கீரைதான் நல்லது" என்றேன். படித்தவன் சொன்னால் அவள் கேட்பாள்.

ஞாயிற்றுக்கிழமை வசந்தி போய்விட்டாள், வயிற்றுப் பிள்ளையோடு.

தெரிந்தே செய்தாயா என்று கேட்கிறீர்கள். அவர்கள் எப்போதும் தின்பதைத்தான் தின்றார்கள். நான் யாருக்கும் எதையும் ஊட்டவில்லை. பார்த்து எழுதினேன், அவ்வளவுதான். அந்தக் கடைசிக் கட்டுக் கீரை மட்டும் நான் பறித்துக் கொடுத்தது. அன்று பாஞ்சாலிக்கு இடுப்பு வலி, குனிய முடியவில்லை, பாவமாக இருந்தது.

கையுறை போட்டுக்கொண்டுதான் பறித்தேன்.