திறந்த கான் முடியட்டும்

சவர்க்காரக் கட்டியை வாங்கிய கையோடு பாவிக்கக் கூடாது. உறையைப் பிரித்து நிழலில் பத்து நாள் காயவைத்தால், ஒரு மாதம் போகிற கட்டி ஒன்றரை மாதம் போகும். நீங்கள் கேட்ட கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நினைப்பீர்கள், ஐயா. என்னைப் பற்றி எழுதிக்கொள்ளத்தானே வந்திருக்கிறீர்கள். முதலில் இதை எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் இராசநாயகம். வயது எழுபத்து நான்கு. சொந்த ஊர் நாரந்தனை. இளவயதில் பதினாறு வருடம் குருநாகலில் மாமாவின் பலசரக்குக் கடையில் நின்றேன். மூட்டை கட்டி வருகிற சணல் நூலை அறுக்காமல் முடிச்சவிழ்த்துச் சுற்றி வைப்பதுதான் அங்கே எனக்குத் தந்த முதல் வேலை. எண்பத்து மூன்று கலவரத்தில் கடையை எரித்தபோது ஆளாளுக்கு நகையையும் காசையும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். காங்கேசன்துறைக்குப் புறப்பட்ட அகதிக் கப்பலில் ஏறிப் பார்த்தால் என் சட்டைப் பைக்குள் ஒரு நூல் பந்து மட்டும் இருந்தது. சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த நாள் பெண்கள் உடுப்பு மாற்ற ஒரு மறைப்புக் கட்ட வேண்டி வந்தது. அதற்கு அந்த நூல்தான் உதவியது. மறு நுனியைப் பிடித்துக் கட்டிய பெண் வேலணைக்காரி, பெயர் சறோஜினிதேவி. அடுத்த வருடம் அவளைத்தான் கலியாணம் செய்தேன்.

ஊரில் என்னைக் கசவாரம், கஞ்சன் என்று காதுபடவே சொல்வார்கள். நான் கோபிப்பதில்லை. கசவாரம் பிடித்தவன் தனக்கென்று சேர்ப்பான். நான் எனக்கென்று ஒரு பொருளும் சேர்த்தவனில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் சறோவுக்குப் பிரஷர் ஏறி, சிறுநீரகமும் பழுதாகத் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் பார்த்த வைத்தியர் என்னையும் பக்கத்துக் கதிரையில் இருத்தி வைத்துத்தான் விளக்கினார்.

"உப்பு அறவே கூடாது. உங்கட கிணத்துத் தண்ணி குடிக்கவும் வேண்டாம், சமைக்கவும் வேண்டாம். அதில கிடக்கிற உப்பே இவவுக்குக் காணும், ஆளைக் கொண்டுபோடும்."

நான் தலையாட்டினேன். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

எங்கள் மகள் நிலாந்தி நோர்வேயில் இருக்கிறாள். விஷயம் கேள்விப்பட்டதும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மிரோஜனோடு கதைத்துவிட்டாள். மிரோஜன் சிறிய லொறியில் தாங்கி வைத்து நல்ல தண்ணீர் கொண்டு வந்து வீட்டுக்கு வீடு ஊற்றுகிற பொடியன், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். கிழமைக்கு மூன்று பெரிய பிளாஸ்டிக் கான் எங்களுக்கு. காசு அவனுக்கு நேரே நோர்வேயிலிருந்து வரும். என்னிடம் தந்தால் தண்ணீர் வராது என்று நினைத்தாள் போல. தகப்பனை அப்படி நினைக்கலாமா என்று மனம் நொந்தேன்.

சறோ நல்லவள்தான். ஆனால் கை தாராளம். அந்தத் தண்ணீரில் அரிசியை மூன்று தரம் களைந்து வாழைக்கு ஊற்றுவாள். தேங்காய்ப்பால் பிழிந்த கையையும் அதிலேயே கழுவுவாள். தொலைவிலிருந்து லொறி ஏறி வந்த தண்ணீர் வாழையடியில் ஓடுவதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும். அவளுக்கு இயலாமல் போனபோது குசினியை நான் பொறுப்பெடுத்தேன். இந்த வயதில் பெண்சாதிக்குச் சமைத்துப் போடுகிறாரே என்று அயலட்டை மெச்சியது. சரவணையிலிருந்து வந்த என் தங்கை கண் கலங்கினாள்.

அரிசி களையக் கிணற்று நீர் போதும் என்றுதான் தொடங்கினேன். களைய ஏற்ற நீர் அவிக்கவும் ஏற்றதுதானே, கஞ்சியை எப்படியும் வடித்துவிடுகிறோம். பிறகு கறிக்கும் அதையே விட்டேன். எங்கள் கிணற்று நீரில் கறி வைத்தால் உப்புப் போடத் தேவையில்லை. ஆகவே உப்பு வாங்குவதையும் நிறுத்தினேன். வைத்தியர் சொன்னபடி வீட்டில் ஒரு கல் உப்பு இல்லாமல் பார்த்துக்கொண்டேன்.

குடிக்கிற தண்ணீரில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு மாதம் யோசித்தேன். ஆடியில் ஒரு கானுக்கு ஒரு செம்பு கிணற்று நீர் கலந்தேன். ஐப்பசியில் ஒரு வாளி. கார்த்திகையில் பாதிக்குப் பாதி. எங்கள் ஊரில் எல்லோரும் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள்தான். தண்ணீருக்குள் இருக்கிற உப்பும் ஒரு உப்பா?

ஒருநாள் அவள் செம்பைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, தண்ணி கரிக்குது."

"வருத்தத்தால உமக்கு வாய் அப்பிடிக் கிடக்கு. மல்லி போட்டு அவிச்சுத் தாறன், குடியும்."

அதற்குப் பிறகு எந்நேரமும் மல்லித் தண்ணீர்தான். நாற்பது வருடத்தில் அவள் என் சொல்லைச் சந்தேகித்ததே இல்லை. நான் பாக்கியசாலி.

மார்கழியில் கால் வீங்கியது. செருப்புக்குள் பாதம் போகவில்லை. புதுச் செருப்பு வாங்கி வீங்கிய காலுக்கு அளவெடுத்தால், வீக்கம் வற்றியதும் அது உதவாது. வாரை வெட்டிவிட்டு நூல் வைத்துக் கட்டிக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டுதான் கிளினிக்குக்கு வந்தாள்.

"அம்மா, உப்புச் சாப்பிடுறீங்களோ?" வைத்தியர் கேட்டார்.

"ஐயோ டொக்டர், வீட்டில உப்புப் போத்திலே இல்லை. இவர் வாங்கிறதை விட்டிட்டார்." பெருமையாகத்தான் சொன்னாள்.

வைத்தியர் என் பக்கம் திரும்பினார். "அப்ப தண்ணி?"

"மகள் ஒழுங்கு செய்து நல்ல தண்ணி வருது, டொக்டர்."

வருவது நல்ல தண்ணீர்தான். அதில் பொய்யில்லை. அவர் குழம்பிப்போய்க் குளிசையைக் கூட்டி எழுதினார். குளிசை ஆஸ்பத்திரியில் சும்மா தருவது. அதில் நான் ஒன்றுகூடக் குறைத்ததில்லை, வேளைக்கு வேளை கொடுத்தேன்.

மிச்சம் பிடித்த தண்ணீரை என்ன செய்தேன் என்று கேட்டீர்கள். விற்கவில்லை. அப்படிப்பட்ட ஆள் நானில்லை. நிலாந்தியின் பழைய அறையில் சேர்த்து வைத்தேன். கடைகளில் எறிகிற எண்ணெய்க் கான்களைச் சாம்பல் போட்டுக் கழுவி, நிரப்பி, மூடியைச் சுற்றி நூல் கட்டி, மாதத்தை எழுதி ஒட்டினேன். சித்திரை வெயிலில் மிரோஜன் ஒரு கிழமை வராமல் விட்டால் சறோ எதைக் குடிப்பாள்? அதை நினைத்தால் எனக்கு நித்திரை வராது. அந்தக் கான்கள் எல்லாம் அவளுக்காகச் சேர்த்தவை. சில நாள் கதவைத் திறந்து பார்ப்பேன். மனம் நிறைந்துவிடும்.

பங்குனி தொடக்கத்தில் அவளால் நிமிர்ந்து படுக்க ஏலாமல் போனது. தலையணை மூன்று வைத்துச் சாய்ந்திருந்தாள். மிரோஜன் ஊற்றிவிட்டுப் போகிற சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கிறது.

"அந்தப் புதுக் கானில ஒரு வாய் தாங்கோவன். பச்சைத் தண்ணியா. மல்லி வேண்டாம்."

"திறந்த கான் முடியட்டும். பிறகு உமக்குப் புதுசில எடுத்துத் தாறன்."

சறோ சிரித்தாள். "நீங்கள் மாறவே மாட்டியள்," என்றாள். மூச்சு வாங்கியதால் அதைச் சொல்லவே நேரம் எடுத்தது. மூன்றாம் நாள் காலையில் போய்விட்டாள். நெஞ்சுக்குள் தண்ணீர் கட்டிவிட்டதாம். திறந்த கானில் அப்போதும் கால்வாசி இருந்தது.

எனக்கு அழுகை வந்தது, ஐயா. வரவில்லை என்று யாராவது சொல்லியிருந்தால் அது பொய். குசினியில் நின்று அழுதேன்.

நிலாந்தி வந்து சேர மூன்று நாளானது. அதுவரை உடலுக்கு மருந்தேற்றிப் பெட்டியில் வைத்திருந்தோம். வந்தவள் தாயின் காலடியில் கிடந்து அழுதுவிட்டு, தொண்டை வறண்டுபோய்த் தண்ணீர் கேட்டாள். நான் அந்தக் கால்வாசியில் வார்த்துக் கொடுத்தேன். இதில்தான் பிழை விட்டேன். அறையில் அத்தனை கான் இருந்தும், திறந்தது ஒன்று கிடக்கையில் இன்னொன்றைத் திறக்க என் கை போகவில்லை. ஒரு மிடறு குடித்துவிட்டு அப்படியே முற்றத்தில் துப்பினாள்.

"அப்பா, இதென்ன தண்ணி?"

அவள் என் இடுப்பிலிருந்த திறப்பை உருவிக்கொண்டு போய் அறையைத் திறந்தாள். ஐம்பத்தொரு கான். வாசலில் நின்று ஒவ்வொன்றாக, ஒட்டியிருந்த மாதத்தை வாசித்தாள். ஆடி, ஆவணி, புரட்டாதி. கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

கிரியைக்கு முன் எண்ணெயும் அரப்பும் வைத்துக் குளிப்பாட்டுவது எங்கள் முறை. அதற்குக் கிணற்று நீர்தான் எடுப்பார்கள். நிலாந்தி கிணற்று வாளியைத் தட்டிவிட்டாள்.

"அம்மாவுக்கு இந்தத் தண்ணிதான் வாக்கவேணும்," என்று சொல்லி ஒவ்வொரு கானாக இழுத்து வந்து, நூலை அறுத்து அறுத்து எறிந்து, தன் கையாலேயே ஊற்றினாள். ஏழு கான். முற்றமெல்லாம் நல்ல தண்ணீர் ஓடியது. நான் பக்கத்தில் போய், "ஒண்டு காணுமே, பிள்ளை," என்று மெல்லத்தான் சொன்னேன். செத்தவீட்டுச் சனம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. அவள் உங்களிடம் வந்து முறைப்பாடு கொடுத்தது அதற்கு அடுத்த நாள்.

அறுத்தெறிந்த நூலைப் பிறகு நான் பொறுக்கி வைத்தேன். தேவையென்றால் சான்றாக எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பித் தந்தால் நல்லது.

ஆம், தண்ணீரைக் கலந்தது நான்தான். வைத்தியர் சொன்னது நினைவில் இருந்தும்தான் கலந்தேன். என் பெண்சாதியைக் கொல்ல நினைத்தேனா என்று கேட்டால், இல்லை. அவளுக்காக மிச்சம் பிடித்தேன். அவ்வளவுதான் என் குற்றம்.

இன்னும் ஒன்று கேட்டீர்கள். அறையின் மூலையில் திறந்தபடி இருந்த கானும், அதன் மேல் கவிழ்த்து வைத்த டம்ளரும் யாருடையவை என்று. அவை என்னுடையவை. எனக்கும் பிரஷர் இருக்கிறது, ஐயா. கிணற்றுத் தண்ணீர் எனக்கு ஒத்துவராது.