அட்டையில் ஒரு வரி

— அமுக்குங்கப்பா, தடவாதீங்க. அது பூனை இல்ல.

— கொஞ்சம் பழக்கம் பண்ணிக்கிறேன், நோரீன். கையும் இல்லாம காலும் இல்லாம படுத்திருக்கான். எடுத்த எடுப்புல நெஞ்சு மேல ஏறினா என்ன நினைப்பான்?

— பொம்மை ஒண்ணும் நினைக்காது. கையைக் கோத்துக்கங்க, முழங்கை மடங்காம அழுத்தமா விடுங்க. டிக்குனு சத்தம் வரணும். ம், அப்படித்தான். காலையில கடை திறந்ததுலருந்து இந்தச் சத்தம் நிக்கல, சாயங்காலம் கடை மூடற வரைக்கும் நிக்கக்கூடாது. அதுக்குத்தான் உண்டியல்ல காசு விழுது. நம்மகூட அமுக்கற கோனர் டீ குடிச்சிட்டு வர்ற வரைக்கும் ஆளுக்கு ரெண்டு ரெண்டு நிமிஷம், நீங்களும் நானும்தான்.

— எழுபத்தெட்டு வயசுல அப்பனைக் கடைவாசல்ல முட்டி போட வெச்சிட்டே. பாதரால ஆகாதது உன்னால ஆச்சு.

— பேசாம எண்ணுங்க.

— பேசிக்கிட்டே எண்ணுவேன். அங்க பாரு, பக்கத்து வீட்டு பெர்னி வர்றா. பர்ஸை ரெண்டு கையாலயும் புடிச்சிருக்கா, நம்மளைப் பார்த்துட்டாபோல.

— என்ன ஃபெஸ்டஸ், யாருய்யா கீழ? செத்துட்டானா, இருக்கானா?

— இன்னும் முடிவு பண்ணல, பெர்னி. இவ மலாவிக்குப் போறாளாம். அங்க பெரிய ஏரி. மீன் புடிக்கிறவங்க மூழ்கிட்டா, தண்ணிய விட்டு எடுத்தாலும் பொழைக்க மாட்டேங்கிறாங்களாம். பன்னெண்டு ஊருக்குப் போய், நெஞ்சை அமுக்கி நின்ன உயிரை ஓட வைக்கிற இந்த வித்தையைச் சொல்லித் தரப் போறா. என்கிட்ட கேட்டிருந்தா நானே போயிருப்பேன். எழுபத்தாறாம் வருஷம் ஒரு ஆட்டுக்கடாவைக் கடல்லருந்து இழுத்துப் போட்டேனே, ஞாபகம் இருக்கா?

— இல்ல. ஏன்னா அது நடக்கல.

— மூக்குல வாயை வெச்சு ஊதினேன். கண்ணைத் திறந்து ஒரு தும்மல் போட்டுது. அதுக்கப்புறம் பதினாறு வருஷம் என்னைத் தவிர யாரையும் சட்டை பண்ணல. ஞாயித்துக்கிழமை பூசைக்கும் பின்னாலயே வரும். பாதர் கடைசி பெஞ்சுல இடம் போட்டுக் குடுத்தார். எழுந்திருக்கிற நேரத்துக்கு எழுந்திருக்கும், மண்டி போடற நேரத்துக்கு மண்டி போடும்.

— போன வாரம் அது கன்னுக்குட்டியா இருந்துச்சுப்பா.

— அது வேற கதை.

— அந்த ஆட்டுக்கு இருந்த பக்தி உனக்கு இல்ல, ஃபெஸ்டஸ். ஜெபத்துல வரி எடுத்துக் குடுக்கற உன் பொண்டாட்டி டீலியா போனதுலருந்து நீ பூசையில வாயை மட்டும்தான் அசைக்கிற, நான் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். இது என்ன அட்டை? இரு, கண்ணாடி போட்டுக்கறேன். "என் அம்மா சமையலறைத் தரையில் தனியாக இறந்தார். பக்கத்தில் ஒருவர் இருந்திருந்தால் இன்று உயிரோடு இருப்பார்." ஐயோ, நோரீன்.

— தப்பா எடுத்துக்காதீங்க பெர்னி அக்கா. உங்களைச் சொல்லல.

— என்னைத்தான்மா சொல்லுது. எங்க வீட்டுக்கும் உங்க வீட்டுக்கும் நடுவுல ஒரு வேலி. என்னைக்கும் வீட்டைவிட்டு நகராதவ, அன்னைக்குன்னு பார்த்து முடி சுருட்டிக்கப் போனேன். ஒன்பது வருஷமா அந்த முடிவெட்டற கடைப் பக்கம் போறதில்ல. முடியை நானே வெட்டிக்கறேன், லட்சணத்தைப் பாரு. இந்தா, அம்பது யூரோ. இல்ல, திருப்பிக் குடுக்காதே. நல்லபடியா போயிட்டு வா.

— அக்கா, அழாதீங்க. ஒரு நிமிஷம் இருங்களேன்.

— ரொட்டி வாங்கணும்மா, நான் வர்றேன்.

— நோரீன்.

— சொல்லுங்கப்பா. ரெண்டு நிமிஷம் ஆச்சு, கையை எடுங்க.

— அந்த வரியை எடுத்துடு.

— மறுபடியும் ஆரம்பிக்காதீங்க. காலையிலருந்து மூணு தடவை கேட்டுட்டீங்க.

— வேணும்னா ஆட்டுக்கதையைப் போடு. நல்லா எழுதிக் குடுக்கறேன்.

— அந்த வரியைப் படிச்சிட்டுத்தான் உள்ள போற ஜனம் திரும்பி வந்து காசு போடுது. திங்கக்கிழமைக்குள்ள டிக்கெட்டுக்குக் கட்டணும், இன்னும் அறுநூறு யூரோ பாக்கி. அதுவும் நான் ஒண்ணும் கதை விடலையே. உள்ளதைத்தானே எழுதியிருக்கேன்?

— உள்ளது இல்ல.

— எது?

— தனியாங்கறது.

— கையை எடுங்கப்பா. மூச்சு வாங்குது உங்களுக்கு.

— மாட்டேன். கையை எடுத்தா வாய் நின்னுடும்.

— நீங்க மேட்டுல இருந்தீங்க. ஆட்டைப் பார்க்கப் போயிட்டு வந்து பார்த்தப்ப அம்மா தரையில கிடந்தாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? ஊரே அதைத்தானே சொல்லுது?

— ஆட்டுக்கதை எல்லாத்துலயும் எல்லாரும் நம்பினது அது ஒண்ணுதான்.

— அன்னைக்கு நான் டப்ளின்லருந்து வந்து இறங்கினப்ப உங்க கால்சட்டை முட்டியெல்லாம் வெள்ளையா இருந்துச்சு. என்னதுன்னு கேட்டேன். பட்டியில சுண்ணாம்பு அடிச்சேன்னு சொன்னீங்க.

— மாவு. ரொட்டிக்குப் பிசைஞ்சுக்கிட்டிருந்தா. நான் மேசையில உக்காந்து அந்தக் கடா பூசைக்குப் போன கதையைச் சொல்லிட்டிருந்தேன். "ஃபெஸ்டஸ், போதும்"னா. கதை போதும்னு சொல்றாளாக்கும்னு நினைச்சேன். மாவுப் பாத்திரத்தோட சரிஞ்சு விழுந்தா.

— இதுவும் கதையாப்பா?

— இது மட்டும் இல்ல.

— ஆம்புலன்சுக்குப் போன் பண்ணீங்களா, இல்லையா?

— உடனே பண்ணேன். வர இருபது நிமிஷம் ஆகும்னா போனை எடுத்த பொண்ணு. போனை வைக்காதீங்க, நான் சொல்ற மாதிரி செய்யுங்கன்னா. எனக்கு அதுக்கு எங்க நேரம்? வீட்டுல பாதர் இல்ல, பக்கத்துல பெர்னி இல்ல. பாவத்துக்கு மன்னிப்புக் கேக்கற மனஸ்தாப ஜெபத்தைக் காதுல சொல்லாம சாகப்போறவங்களை அனுப்பக்கூடாதுன்னுதானே எங்கம்மா எனக்குச் சொல்லி வளர்த்தா. எங்கப்பா போறப்ப நான்தான் சொன்னேன், எங்க அண்ணன் போறப்பவும் நான்தான் சொன்னேன். ரிசீவரை மேசையில வெச்சிட்டு ஓடி வந்து மண்டி போட்டேன். அவ தலைக்கு ஒரு தலையணை வெச்சேன். கையைப் புடிச்சுக்கிட்டேன். அந்தப் பொண்ணு மேசையிலருந்து கத்திக்கிட்டே இருந்தா. என்ன கத்தினான்னு இன்னைக்கு நீ சொல்றப்பதான் தெரியுது.

— கையைக் கோத்துக்கங்கன்னு கத்தியிருப்பா.

— முழங்கை மடங்காமன்னு.

— ஏன்ப்பா அன்னைக்கே சொல்லல?

— நீ வாசல்ல பையைக்கூடக் கீழ வைக்காம டாக்டரைக் கேட்டே, பக்கத்துல யாராவது இருந்திருந்தா பொழைச்சிருப்பாங்களான்னு. பொழைச்சிருக்கலாம்னார். அப்புறம் என்கிட்ட திரும்பி, "யாருமே இல்லையா அப்பா?"ன்னே. இல்லம்மான்னேன். பொய் சொல்றது எனக்கு என்ன புதுசா? ஆனா பெர்னி இதனாலதான் முடியை இப்படிக் கன்னாபின்னான்னு வெட்டிக்கறான்னு எனக்குத் தெரியல. எப்பவுமே அவ அப்படித்தான்னு நினைச்சேன். அந்த வரியை எடுத்துடு, நோரீன். டிக்கெட்டுக்குக் குறையறதுக்கு ஆட்டுப்பட்டியை வித்துத் தர்றேன். தனியா போகல அவ.

— அப்பா, நீங்க எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லணும். குத்திக் காட்டக் கேக்கல, தெரிஞ்சுக்கணும்னு கேக்கறேன். நீங்க மண்டி போட்டப்ப அம்மாவுக்கு மூச்சு இருந்துச்சா?

— இருந்துச்சு.

— எப்ப நின்னுச்சு, தெரியுமா?

— தெரியும். அந்த ஜெபத்துல நடுவுல ஒரு வரி எனக்கு என்னைக்கும் விட்டுப்போகும். மூணாவது தடவை சொல்றப்பவும் விட்டுப்போச்சு. கண்ணை மூடிக்கிட்டே அவதான் எடுத்துக் குடுத்தா. நாலாவது தடவை வேணும்னே அதை விட்டுட்டு, அவ எடுத்துக் குடுப்பான்னு காத்துக்கிட்டிருந்தேன்.