பிழையான பொருள் சொன்ன ஜவாத் சேர்

அஸ்ஸலாமு அலைக்கும். பெரியநீலாவணையிலிருந்து வந்திருக்கும் அன்பர்களுக்கு வணக்கம். தலைவர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, திரைக்கு அப்பால் இருக்கும் தாய்மார்களே!

எனக்கு மேடை பழக்கமில்லை. பேச்சு வழிதவறிவிடும் என்ற பயத்தில் மூன்று விடயங்களாகப் பிரித்து வந்திருக்கிறேன்.

1. காலமான நம் ஆசிரியர், மர்ஹூம் ஜவாத் சேர் நமக்கு யார்?
2. அவருடைய நகைச்சுவை. அதை விளக்குவேன், இங்கே சொல்லிச் சிரிக்க வைக்க மாட்டேன்.
3. அவர் நடத்திய ஆங்கில வகுப்பு இனி என்னவாகும்?

முதலாவது. யார் இந்த ஜவாத் சேர்? பட்டம் பல பெற்றவரா? இல்லை. பதவி வகித்தவரா? இல்லை. இங்கிலீசு என்றாலே வாய் கட்டிப்போகும் பெரியவர்களைக் கூட்டி, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாலை அஸர் தொழுகைக்குப் பின் இதே மண்டபத்தில் வகுப்பு நடத்தியவர்! கடலுக்குப் போகிறவர்கள் வந்தார்கள். மருதமுனையிலிருந்து நெசவு செய்யும் பெண்கள் வந்தார்கள். யாரையாவது அவர் ஏளனம் செய்ததுண்டா? ஒருநாளும் இல்லை!

வகுப்பில் பாடம் நடத்த நாங்கள் இருவர். ஒரு சொல்லை எடுத்து அதற்குப் பிழையான பொருள் சொல்வது அவர் வேலை. எல்லோரும் சிரித்து ஓய்ந்ததும் எழுந்து சரியான பொருளைச் சொல்வது என் வேலை. அவர் உடைப்பார், நான் ஒட்டுவேன்.

இரண்டாவது விடயம். இதில்தான் எனக்குக் கலக்கம். இந்த மதிலுக்கு அப்பால் அவருடைய வீடு. அவருடைய மனைவி ஹுஸ்னியா அங்கே இத்தாவில் இருக்கிறார். கணவனை இழந்தவர் வீட்டோடு இருக்க வேண்டிய காலம் அது. இங்கு வர முடியாது. ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருக்கிறார். துக்க வீட்டுக்குள் நம் சிரிப்புச் சத்தம் போகலாமா? அவர் மனம் என்ன பாடுபடும்? நேற்றிலிருந்து இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆகவே விளக்கத்துக்காக ஒன்றே ஒன்று. தயவுசெய்து யாரும் சிரிக்க வேண்டாம்.

நோன்பு காலம். நோன்பு திறக்கும் மஃரிப் பாங்கு சொன்னதும் பேரீத்தம்பழத்தைக் கையில் எடுத்த ஜவாத் சேர், "பிரேக் என்டா முறிக்கிற. ஃபாஸ்ட் என்டா நோன்பு. அப்ப பிரேக்ஃபாஸ்ட் இதுதானே!" என்றார். நான் வழக்கம்போல் எழுந்து, "பிழை. அது காலைச் சாப்பாடு" என்றேன். உடனே நெசவுக்காரி றாஹிலா, "என்ன சேர், பொழுது பட்டுப் போச்சே! காலச் சாப்பாட்ட இப்பயா தாறீங்க?" என்று...

வேண்டாம், வேண்டாம். வாயைப் பொத்திக்கொள்ளுங்கள். மன்னிக்க வேண்டும்.

ஆ... ஹுஸ்னியாவின் தம்பி இன்பாஸ் மேடைக்கு வருகிறார். கையில் போன். நான் பயந்தது நடந்துவிட்டது போலிருக்கிறது. என்ன தம்பி? சத்தமாகச் சொல்லவா? சரி, சபையோரே, தன் அக்காவைப் பற்றி அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்:

"சேர், ஹுஸ்னியா தாத்தா கோல் எடுத்தா. 'மைக்குல ஆர்ர கூட்டம் நடக்கு? இவர்ர கூட்டம் என்டா ஏன் ஒரு சிரிப்புச் சத்தத்தையும் காணல்ல?' என்டு கேக்கா."

கொஞ்சம் தண்ணீர் தாருங்கள்.

அப்படியானால் இன்னுமொன்று. பெரியநீலாவணைக் குணம், அதோ இருக்கிறார், கடற்றொழிலாளி. பல வாரம் பின்வரிசையில் வாய் திறக்காமல் இருந்தவர். ஒருநாள் ஜவாத் சேர் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"குணம், ஹேண்ட் என்டா?"

"கை, சேர்."

"சம் என்டா?"

"கொஞ்சம்."

"அப்ப ஹேண்ட்சம் என்டா ஆர்?"

"கையில கொஞ்சம் காசு இருக்கிற ஆள்." குணம் கொஞ்சம் யோசித்தார். "அப்ப நான் ஹேண்ட்சம் இல்ல சேர். இந்த மாசம் கடல் சரியில்ல."

சிரியுங்கள்! இன்னும் பலமாக! அன்று நான் எழுந்து, "அழகன் என்பதே சரியான பொருள்" என்றேன். "அப்ப நான் ஹேண்ட்சம்தான்!" என்றார் குணம். இன்று ஒலுவில் துறைமுகத்துக்கு வரும் வெளியூர் வியாபாரிகளோடு இங்கிலீசில் பேரம் பேசுகிறார். சொல் பிழைத்தால் தானே முதலில் சிரித்துவிட்டுத் தொடர்கிறார். பட்டப்படிப்புப் படித்த நான் இன்னும் ஒவ்வொரு சொல்லையும் மனதுக்குள் சரிபார்த்துத்தான் பேசுகிறேன்.

மூன்றாவது. வரும் வெள்ளிக்கிழமை வகுப்பு உண்டு. பிழையான பொருள் சொல்லும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். எனக்கு வருமா? தெரியாது. வராவிட்டால் என்னைப் பார்த்தாவது சிரியுங்கள். சரியான பொருளைக் குணமும் றாஹிலாவும் சொல்வார்கள். ஜவாத் சேருக்காக இதை நாம் விடமாட்டோம். அல்லாஹ் அவருக்கு உயர்ந்த சுவர்க்கத்தை அருள்வானாக.

முடிக்கும் முன் ஒரு திருத்தம். என் இரண்டாவது விடயம் பிழை. அந்த வீட்டுக்குச் சிரிப்புச் சத்தம் கேட்கக் கூடாது என்று நினைத்தேன். அந்த வீட்டில் இல்லாமற் போனதே அந்தச் சத்தம்தான்.