நாலாவது ஜன்னலின் அளவு

மணி மூன்று. ராத்திரி மூன்று இல்லை... மத்தியானம் மூன்று. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று உங்களுக்கு யாரோ தப்பாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்த விளக்கைக் கொஞ்சம் தணித்துவிட்டுக் கிட்ட வந்து உட்காருங்கள். இது என் நண்பனுடைய சித்திக்கு நடந்தது. அவன் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னான். இரண்டாவது தடவை கேட்டதற்கு எழுந்து போய்விட்டான்.

ஊர் முடிகிற இடத்தில் ஒரு தெரு. முக்கால்வாசி கிடங்குகள். நடுநடுவே நாலைந்து வீடுகள். கடைசி வீடு சித்தியுடையது. அவள் படுக்கையறைச் சுவரை ஒட்டிக்கொண்டே பக்கத்துக் கிடங்கின் சுவர்... இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல் நுழையாது. மத்தியானச் சாப்பாடு முடிந்து கிடங்கு ஆட்கள் ஷட்டரை இறக்கிவிட்டால், ஐந்து மணி வரைக்கும் அந்தத் தெருவில் ஒரு செருப்புச் சத்தம் கேட்காது. சித்தியின் தையல் மிஷின் சத்தம் மட்டும்தான்.

சித்தி தையல்காரி. சித்தப்பா போய்ப் பல வருஷம் ஆகிறது. ஒரே மகள் வெளியூரில், தலைப்பிரசவம், எட்டாவது மாதம். கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "அம்மா, நீ எப்ப வருவே?" என்று தினமும் போன். இந்த வீட்டைக் கொடுத்துவிட்டு மகளோடு போய் இருந்துவிடுவது என்று சித்தி முடிவு செய்தாள். வாங்க ஆளும் அமைந்துவிட்டது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பையனும் அவன் மனைவியும். தங்கமான பிள்ளைகள். சனிக்கிழமை கையெழுத்து, ஞாயிற்றுக்கிழமை ரயில். எல்லாம் சரிதான்... கேட்டில் மாட்டியிருந்த 'வீடு விற்பனைக்கு' பலகையைக் கழற்ற மட்டும் சோம்பல்பட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை மூன்று மணி. மிஷினை மிதித்துக்கொண்டிருந்தவள், யாரோ நிற்கிற மாதிரி இருக்கவே நிமிர்ந்தாள். வாசற்படியில் ஓர் ஆள். ஐம்பது வயது சொல்லலாம். சாம்பல் நிறச் சட்டை, கழுத்து வரை பொத்தான். அந்தக் கேட் எண்ணெய் காணாத கேட். காக்கா உட்கார்ந்தாலே கிறீச்சென்று கத்தும். கத்தவில்லை.

"வீடு விக்கறீங்களாம்."

"வித்தாச்சுங்க. பலகையை எடுக்க மறந்துட்டேன்."

"கையெழுத்து ஆயிடுச்சா?"

"சனிக்கிழமை."

"அப்ப இன்னும் விக்கல," என்றான். உள்ளே வந்துவிட்டான்.

கூடவே ஒரு வாசனை வந்தது. ஈரச் சிமெண்ட்... அன்றைக்குப் பூசிய சுவரில் வருமே, அந்த வாசனை. அவன் விலை கேட்கவில்லை. தண்ணீர் வருமா, மழைக்கு ஒழுகுமா, வீடு வாங்க வருகிறவன் கேட்கிற ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. ஒரு சுற்றுச் சுற்றினான். வெளியே வந்தான்.

"நாலு ஜன்னல். நாலுக்கும் திரை போடணும்."

"மூணுதாங்க இருக்கு."

"நாலு," என்றான். "அந்தப் பீரோ இருக்கற இடம் சரியில்ல."

போய்விட்டான். படுக்கையறைப் பீரோவைச் சொல்கிறான். தேக்கில் செய்த பெரிய பீரோ. இந்த வீட்டை வாங்கும்போதே இருந்தது. நாலு பேர் சேர்ந்தாலும் நகராது என்று அப்படியே விட்டிருந்தார்கள். பலகையை அன்றைக்கே கழற்றினாள் சித்தி. கழற்றி என்ன பயன்? செவ்வாய்க்கிழமை, மணி மூன்று... வாசற்படி.

"சாவி எப்பத் தருவீங்க?"

"அண்ணே, உங்களுக்கு இல்லைன்னு சொல்லிட்டேன்ல?"

"இன்னும் கையெழுத்து ஆகலையே."

விடாக்கண்டன், கொடாக்கண்டன் என்பார்களே, அதுதான் நடந்தது. புதன்கிழமை அவள் எதுவுமே பேசவில்லை. அவன் பாட்டுக்கு சித்தப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து, படுக்கையறைப் பக்கம் பார்த்தபடி ஒரு மணி நேரம் இருந்தான். தன் வீட்டில் உட்காருகிற மாதிரி. சித்திக்குப் பயத்தை விட ஆத்திரம்தான் அதிகம் வந்ததாம். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்பது இதுதான் போலிருக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் மருந்துக்கடைப் பையன் போன் செய்தான். குரல் கம்மியிருந்தது.

"அக்கா, வேற யாருக்கோ குடுத்துட்டீங்களாமே? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"யாருப்பா சொன்னது?"

"ஒருத்தர் கடைக்கே வந்து சொன்னாருக்கா. சாம்பல் கலர் சட்டை. வீடு எனக்குத்தான், நீ வேற இடம் பாருன்னு."

"எத்தனை மணிக்கு?"

"மூணு மணிக்கு. நாலு வரைக்கும் கவுண்டர் முன்னாலயே நின்னாரு, நகரவே இல்ல."

மூன்றிலிருந்து நாலு வரை... அவன் இங்கே நாற்காலியில் இருந்தானே. சித்தி அதைச் சொல்லவில்லை. சொன்னால் அவர்கள் பின்வாங்கிவிடுவார்கள். அதன்பிறகு புதிதாக ஆள் தேடி, பேசி, கையெழுத்து ஆவதற்குள் மகளுக்குப் பிரசவமே ஆகிவிடும். "என் வாக்கு வாக்குதான். சனிக்கிழமை வந்துடுங்க," என்று மட்டும் சொன்னாள்.

வியாழக்கிழமை அவன் வந்ததும் எழுந்து நின்றாள். கையில் கத்தரி.

"இங்க பாருங்க. எங்க தொழில்ல ஒரு பழக்கம் உண்டு. துணியில கத்தரி வைக்கற வரைக்கும்தான் வேணும், வேணாம்கற பேச்செல்லாம். வெச்சுட்டா அப்புறம் மாத்திப் பேசறது கிடையாது. அந்தப் பிள்ளைங்களுக்கு நான் கத்தரி வெச்சாச்சு. புரியுதா?"

நுணலும் தன் வாயால் கெடும். அவன் முதல் தடவையாகச் சிரித்தான்.

"துணியே எடுக்காம கத்தரி எப்படி வெச்சீங்க?" என்றான். அக்குளில் இடுக்கியிருந்த ஒரு பொட்டலத்தை எடுத்து மேஜையில் வைத்தான். வரும்போது அவன் கை வெறுங்கை என்று சித்தி சத்தியம் செய்கிறாள். "திரைத் துணி. அளவு உள்ள இருக்கு. உங்க பழக்கப்படியே முடிச்சுப்போம்."

"இதுல நான் கத்தரி வைக்க மாட்டேன்."

"பார்ப்போம்."

அவன் போனதும் பிரித்தாள். சாம்பல் நிறத் துணி. தொட்டால் ஈரம்... ஆனால் கை நனையவில்லை. மேலே ஒரு சீட்டு. நாலு ஜன்னலின் அகலம், உயரம். அவன் ஒருநாளும் டேப் பிடித்து அளந்ததில்லை. தையல்காரிக்கு அளவைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா? எடுத்தாள் டேப்பை. முதல் ஜன்னல் சரி. இரண்டாவது சரி. மூன்றாவதும் நூல் பிசகாமல் சரி. நாலாவதற்குப் படுக்கையறைக்குப் போனாள்.

பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி. டார்ச் அடித்துப் பார்த்தாள். பூச்சில் ஒரு கோடு தெரிந்தது. மேலே போனது, குறுக்கே திரும்பியது, கீழே இறங்கியது. எப்போதோ இருந்த ஜன்னல். கிடங்கு கட்டியபோது செங்கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். கையை விட்டுத் தட்டுத் தடுமாறி அளந்தாள். சீட்டில் இருந்த அதே அளவு. கையை வெளியே எடுத்தபோது விரல் நுனியெல்லாம் ஈரச் சிமெண்ட்.

துணியைச் சுருட்டித் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டாள். வெள்ளிக்கிழமை காலையில் குப்பை லாரி வந்து அதை அள்ளிக்கொண்டு போவதை வாசலில் நின்று கண்ணால் பார்த்த பிறகுதான் அவளுக்குத் தொண்டையில் காபி இறங்கியது.

அன்று மத்தியானம் கதவைத் தாழ்போட்டாள், மூன்று ஜன்னலையும் சாத்தினாள். பள்ளிக்கூடச் சீருடை ஆர்டர் ஒன்று பாக்கி இருந்தது. ஊரை விட்டுப் போகுமுன் முடித்துக் கொடுத்தாக வேண்டும். மொத்த வேலைக்குத் துணியை ஒவ்வொன்றாக வெட்ட மாட்டார்கள். ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, மேலே சாக்பீஸால் கோடு போட்டு, எல்லாவற்றையும் ஒரே வெட்டாக வெட்டிவிடுவார்கள். ஆறு மடிப்பு அடுக்கினாள். எல்லாம் கருநீலம். ஆறு. எண்ணினாள். அவள் முப்பது வருஷமாக எண்ணுகிறவள்.

கடிகாரத்தைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே பார்க்கவில்லை. கத்தரியை வைத்தாள்.

கர்ர்ரக்... கர்ர்ரக்...

மூன்றாவது வெட்டில் கை கனத்தது. ஆறு மடிப்பு எவ்வளவு கனக்கும் என்று அவள் கைக்குத் தெரியும். இது ஆறு இல்லை. அந்த வாசனை வந்தது. நிறுத்தினாள். மெதுவாக ஒவ்வொரு மடிப்பாகப் புரட்டினாள். கருநீலம். கருநீலம். கருநீலம், கருநீலம், கருநீலம், கருநீலம்...

ஏழாவது, சாம்பல்.

தாழ்போட்ட கதவுக்கு வெளியே யாரும் இல்லை. குரல் வெளியிலிருந்து வரவில்லை. படுக்கையறைக்குள்ளிருந்து... பீரோவுக்குப் பின்னாலிருந்து, நிதானமாக, ரொம்ப மரியாதையாக வந்தது.

"வெச்சுட்டீங்க. சந்தோஷம்."

அன்று ராத்திரி சித்தி பக்கத்துத் தெருவில் ஒரு தோழி வீட்டில் படுத்தாள். சாம்பல் துணி என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். மறுநாள் சாமான் எடுக்க வந்தபோது மேஜையில் சீருடைத் துணி மட்டும்தான் இருந்தது. ஆறு மடிப்பு.

சனிக்கிழமை கையெழுத்து. மருந்துக்கடைப் பையன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். அவன் மனைவி சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "வாடகை வீட்ல எட்டு வருஷம் ஓட்டிட்டோம்க்கா. எங்களுக்குன்னு ஒரு வீடு," என்றாள். கண் கலங்கியிருந்தது. சித்தி வாயைத் திறந்தாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் திறந்தாள். பையில் போன் அடித்தது. மகள். "அம்மா, வலிக்கற மாதிரி இருக்கும்மா..."

சித்தி கையெழுத்துப் போட்டாள். சாவியைக் கொடுத்தாள்.

"அந்தப் பீரோவை மட்டும் நகர்த்தாதீங்கம்மா. ரொம்பக் கனம்," என்றாள். அவ்வளவுதான் அவளால் சொல்ல முடிந்தது. அந்தப் பாவம் தன்னை விடாது என்று என் நண்பனிடம் சொல்லி அழுதிருக்கிறாள். இப்போதும் எவ்வளவு பெரிய ஆர்டர் வந்தாலும் ஒற்றைத் துணியைத்தான் வெட்டுகிறாள்.

பேரன் பிறந்து பத்தாம் நாள் போன் வந்தது. மருந்துக்கடைப் பையனின் மனைவி. குரலில் அத்தனை சந்தோஷம்.

"அக்கா, நல்லாருக்கீங்களா? உங்களுக்கு நன்றி சொல்லணும்னு ரெண்டு நாளா நினைச்சுட்டே இருக்கேன். நீங்க சொல்லியும் கேக்காம இவரு பீரோவைத் தள்ளிட்டாரு. ஒத்த ஆளா! கனமே இல்லையாம். பின்னால எவ்வளவு அழகான ஜன்னல்! அதைப் போய் மறைச்சு வெச்சிருந்தீங்களே. நாலு ஜன்னலுக்கும் நீங்களே திரை தைச்சு மாட்டிட்டும் போயிருக்கீங்க. சாம்பல் கலர். அளவெடுத்த மாதிரி உக்காந்திருக்கு."

 சித்தியின் மடியில் பேரன் தூங்கிக்கொண்டிருந்தான்.

"ஒண்ணே ஒண்ணுதான்க்கா கேக்கணும்," என்றாள் அந்தப் பெண். "பீரோவுக்குப் பின்னால இருந்த ஜன்னல்ல மட்டும் திரையை ஏன் கம்பிக்கு அந்தப் பக்கமா மாட்டியிருக்கீங்க? எங்களால திறக்கவும் முடியல, மூடவும் முடியல. தினமும் மூணு மணிக்குத் தானா திறக்குது..."