கீடாவாலாவின் அக்கா

— எக்கா, இங்ஙன வேண்டாம். இந்தச் செடிய ஆடு மேஞ்சிருக்கு பாரு. அன்னா கொடுக்காப்புளி மரம் நிக்கு, அங்ஙன கொண்டு விடுவோம்.

— ஏல சுயம்பு, தாராவியிலருந்து தேவ்நாருக்கு பஸ் ஏறி வந்ததே பெரிய காரியம். எங்ஙனயாவது விட்டுட்டு வால. அம்ம தேடுவா.

— தேட மாட்டா. கிங்ஸ் சர்க்கிள்ல நூல்கண்டு வாங்கப் போறோம்னு நீதான சொல்லிட்டு வந்த.

— ஒனக்காவத்தாம்ல பொய் சொன்னேன். டப்பாவ இங்க குடு, நான் தூக்கிக்கிடுதேன். கை வலிக்கப் போவுது.

— பொன்வண்டு என்ன கனமா கனக்கும்? இன்னைக்கு ஒனக்கு என்னமோ ஆயிட்டு. பஸ்ல ஜன்னலோரம் எனக்கு விட்டுக் குடுத்த. வடாபாவ்ல பாதிக்கு மேல எனக்கே பிச்சுக் குடுத்த. காய்ச்சல்காரனுக்குக் கூட நீ இப்படிக் குடுத்ததில்லயே!

— குடுத்தா தின்னுட்டுப் பேசாம வரணும். கேள்வி கேக்கப்பிடாது.

— சரி, கேக்கல. எக்கா, இத விட்டாத்தான் ஆவணுமா? மழை முடிஞ்சா இதுவளே செத்துப் போவும். அது வரைக்குமாவது வச்சுக்கிடுதேனே.

— எத்தன மட்டம்ல சொல்லுதது? பூச்சி வீட்டுல இருக்க வரைக்கும் ஸ்கூல்ல ஒன்னச் சும்மா விட மாட்டாவ. நீயும் வயித்துவலின்னு சொல்லி வாரம் பூரா வீட்டுல படுத்துக்கிடக்க. அய்யாவுக்குத் தெரிஞ்சா ஸ்கூலுக்கே அனுப்ப மாட்டாரு, வெல்டிங் பட்டறையில கொண்டு விட்டுருவாரு. தெரியும்லா?

— தெரியும்.

— பொறவு? அந்த வண்டு முட்டைய எதுக்குல ஸ்கூலுக்குக் கொண்டு போன?

— வீட்டுல வச்சா அம்ம தூத்து அள்ளிருவா. அதான் காயிதத்துல மடிச்சு சட்டைப் பையில வச்சிருந்தேன். சவ்வரிசி கணக்கா அழகா இருந்துச்சு. எங்க கிளாஸ் பய பூலோகம் சீரக மிட்டாயின்னு நெனச்சுப் புடுங்கி வாயில போட்டுட்டான். நானா திங்கச் சொன்னேன்?

— சிரிக்காதல. நீ சிரிச்சா எனக்கும் வருது.

— மொதல்ல மென்னான், எக்கா! நல்லாருக்குன்னு இன்னும் கேட்டான்! பொன்வண்டு முட்டைடேன்னு சொன்ன பொறவுதான் ஓடிப் போய் வாந்தி எடுத்தான். சாருட்டப் போயி நான் வெசம் குடுத்தேன்னு சொல்லிட்டான்.

— சாரும் விசாரிக்காம அடிச்சாரு.

— அடி ஒண்ணும் வலிக்கல. மத்தியானம் கிரவுண்டுல சுத்தி நின்னுதான்... கீடாவாலா, பூச்சிக்காரா, கீடாவாலான்னு பாட்டாவே பாடுனாவ. ஹிந்திக் கிளாஸ்காரனுவளும் சேந்துக்கிட்டானுவ. செத்த கரப்பான் ஒண்ண எடுத்துட்டு வந்து, இந்தா ஒன் பொண்டாட்டின்னு தலையில போட்டானுவ.

— போதும்ல. சொல்லாத.

— நீதான கேட்ட.

— முட்டையப் பத்தித்தாம்ல கேட்டேன். மத்தத யாரு கேட்டா?

— அப்ப நீ எங்ஙன நின்ன, எக்கா?

— நானா? நான் கொழாயடியில நின்னேன். ராஜலக்ஷ்மியும் தங்கமயிலும் கூட நின்னாளுவ. தண்ணி சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தா வந்திருப்பேன்.

— வந்திருப்பியா?

— ஆமா. வந்து அந்தப் பூலோகத்த ரெண்டு சாத்து சாத்தியிருப்பேன். ஏன், நீ எங்க பக்கம் பாத்தியா?

— தலையில கரப்பான் கெடந்துச்சு. அதத் தட்டிவிடவே சரியா இருந்துச்சு.

— அதான கேட்டேன். சரி, ஒன்னயத்தான கேலி பண்ணுதாவ? அதுக்குத்தான் விடச் சொல்லுதேன். எனக்கு ஒண்ணும் இல்ல.

— ஒன்ன யாரும் ஒண்ணும் சொல்லலயே?

— என்ன எதுக்குல சொல்லப் போறாவ?

— அதுவும் சரிதான். மரம் வந்துட்டு. டப்பாவத் தொற.

— நீயே தொறல. நான் தள்ளி நின்னுக்கிடுதேன்.

— பூச்சின்னா இன்னும் பயமா ஒனக்கு? கடிக்காது. இந்தா, பச்சையா மினுங்குதுல்லா, இதுதான் ராணி, நான் மொதல்ல புடிச்சது. வெயில்ல பாரு, கழுத்துல செம்பு கணக்கா மின்னுது. ஒனக்குக் குடுக்கணும்னு வச்சிருந்தேன்.

— எனக்கா?

— தீவாளிக்குப் பொட்டு கணக்கா ஒட்டிக்கிடலாம்னு நம்ம சந்து ஆறுமுகத்தாய் மைனி சொன்னா. உசுரோட ஒட்ட முடியாது, செத்த பொறவு எறக்கைய நறுக்கணும்னா. அதான் சாவட்டும்னு வளத்தேன். இப்ப சாவ வேண்டாம்னு இருக்கு.

— சுயம்பு...

— போ ராணி, போ. ஏறு. இந்தக் கொப்புல ஏறிக்கோ. எக்கா, பறக்க மாட்டேங்குது, என் வெரலையே புடிச்சுக்கிட்டு நிக்கு.

— வேண்டாம்ல. விடாத. வீட்டுக்குக் கொண்டு போவோம். அம்மகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்.

— நீதான விடணும்னு...

— நான் சொன்னது தப்புல. எல்லாம் என்னாலதான்.

— ஒன்னால என்ன? பூலோகம் தின்னதுக்கு நீ என்ன செய்வ? அந்தா, போயிட்டு! பாத்தியா, எறக்கைக்கு உள்ள நீலமா இருக்கு! மத்ததும் ஏறிட்டு. டப்பா காலி.

— சுயம்பு, ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும்ல. அன்னைக்கு கொழாயடியில...

— தண்ணி சத்தம்னு சொல்லிட்டியே. அழாத எக்கா, பஸ்ல எல்லாரும் பாப்பாவ. நாளைக்கு நான் ஸ்கூலுக்கு வாரேன்.

— நெசமாவா? அப்ப நாம ரெண்டு பேரும் சேந்து போவோம். ஒன் பைய நான் தூக்கிட்டு வாரேன்.

— சேந்து வேண்டாம், எக்கா. நீ முன்னால போ, நான் பின்னால வாரேன். அன்னைக்கு ராஜலக்ஷ்மி கேட்டப்ப, அவன் என் தம்பி இல்ல, பக்கத்து வீட்டுப் பயலுன்னு நீ சொன்னேல்லா, என்னயக் கேட்டா நானும் அப்படியே சொல்லிருதேன். ரெண்டு பேரும் ஒண்ணு போலச் சொன்னாத்தான நம்புவாவ.